தலையில் அடி வேண்டாம், பாக்ஸிங் வேண்டும்!

கேள்வி:

டாக்டர், என் மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறான். நான்கு மாதத்துக்கு முன் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது கேட்ச் பிடிக்க ஓடி, எதிரே வந்த பையன் மேல் மோதி விழுந்தான். மயக்கம் போடவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்துக்கொண்டு, "யார் பேட்டிங்? யார் பேட்டிங்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டானாம். வீட்டுக்கு வந்ததும் இரண்டு முறை வாந்தி எடுத்தான். ஸ்கேன் எடுத்தோம். 'எல்லாம் நார்மல்' என்றார்கள். இருந்தாலும் மூன்று வாரம் தலைவலி என்றான். புத்தகத்தைத் திறந்தாலே எரிந்து விழுந்தான். இப்போது சரியாகிவிட்டது. 'இனிமேல் தலையில் அடிபடுகிற விளையாட்டு வேண்டாம்' என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

பிள்ளையோ பாக்ஸிங்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். என் தம்பி சின்ன வயதில் ராயபுரத்தில் பாக்ஸிங் கற்றவன். "ஹெட்கார்டு போட்டா ஒண்ணும் ஆகாதுக்கா" என்கிறான். என் வீட்டுக்காரர், "செஸ் கிளாஸில் சேர்த்துவிடு, தலைவலி விட்டது" என்கிறார். எங்கள் பக்கத்தில் கராத்தே, டேக்வாண்டோ, ஜூடோ, சிலம்பம் எல்லாமே சொல்லித் தருகிறார்கள். எதில் சேர்த்தால் தலைக்கு ஆபத்து குறைவு?

– ஒரு தாய், பெரம்பூர்

பதில்:

உங்கள் தம்பிக்கும் வீட்டுக்காரருக்கும் பதில் சொல்லுமுன் அந்த 'யார் பேட்டிங்?' கேள்விக்கு வருகிறேன். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டது, வாந்தி, வாரக்கணக்கில் தலைவலி, படிக்க உட்கார்ந்தால் எரிச்சல் என்று நீங்கள் எழுதியிருப்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், உங்கள் மகனுக்கு வந்தது கன்கஷன் என்கிற மூளை அதிர்ச்சியாகத்தான் தெரிகிறது. மயக்கம் போட்டு விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு மயக்கமே வருவதில்லை. ஸ்கேன் நார்மல் என்றதும் உங்கள் வயிற்றில் பால் வார்த்திருக்கும். வார்க்கட்டும், ரத்தக் கசிவும் எலும்பு முறிவும் இல்லை என்பது நல்ல சேதிதான். ஆனால் சி.டி. ஸ்கேன் தேடுவது அந்த இரண்டையும்தான். வீட்டைப் போட்டோ எடுத்தால் சுவர் விரிசல் தெரியும், வோல்டேஜ் ஏறி இறங்குவது தெரியுமா?

ஒருமுறை மூளை அதிர்ச்சி வந்தவருக்கு மறுமுறை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முதலாவது முழுதாக ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அபூர்வமாக, மூளை மளமளவென்று வீங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அப்படி நேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சிறுவர்களும் இளைஞர்களும்தான். ஆகவே எந்த கிளாஸிலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வாரம் பையனைக் கவனியுங்கள். தூக்கம் பழையபடி இருக்கிறதா? மார்க் இறங்கியிருக்கிறதா? ஓடிவிட்டு வந்தால் தலையைப் பிடித்துக்கொள்கிறானா? அவனிடமே கேட்டால் ஒன்றுமில்லை என்பான். பாக்ஸிங்கில் சேர வேண்டுமே!

எல்லாம் சரி என்றால் படிப்படியாகத்தான் ஏற வேண்டும். முதலில் தொந்தரவில்லாமல் பள்ளிக்கூடம், பிறகு நடை, ஓட்டம், பிறகு எதிராளி இல்லாத தனிப் பயிற்சி, பிறகு மற்றவர்களோடு மோதாமல் செய்யும் பயிற்சி. ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு முழு நாள். தலைவலியோ கிறுகிறுப்போ வந்தால் ஒரு படி இறங்க வேண்டும். மோதுகிற பயிற்சி, டாக்டர் எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகுதான். உங்கள் மகன் இந்தப் படிகளில் பாதியைத் தானாகவே கடந்திருப்பான். கடைசிப் படியைத்தான் நாம் தள்ளிப்போடப் போகிறோம்.

இப்போது தம்பியின் ஹெட்கார்டு. அவர் சொன்னதைத்தான் நானும் கல்லூரி நாட்களில் நம்பினேன். ஹெட்கார்டு செய்கிற வேலை உண்டு: புருவம் கிழியாது, காது பிய்யாது, தலைகள் முட்டிக்கொண்டால் மண்டை உடையாது. மூளை விஷயம் வேறு. கபாலத்துக்குள் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் எடையுள்ள மெத்தென்ற உறுப்பு, நீருக்குள் மிதந்துகொண்டிருக்கிறது. தாடையில் பக்கவாட்டாக ஒரு ஹூக் விழுந்தால் தலை வெடுக்கென்று திரும்பும். உள்ளே இருப்பது ஒரு கணம் பின்தங்கி, பிறகு முறுக்கிக்கொண்டு பின்தொடரும். அந்த முறுக்குதான் மூளையின் மெல்லிய இழைகளை இழுக்கிறது. நெற்றியைச் சுற்றி இரண்டு விரற்கடை ஸ்பாஞ்சைக் கட்டினால் தலை திரும்புவது நிற்குமா? பக்கப் பார்வை மறையும், அடிபடும் இடம் பெரிதாகும், 'பாதுகாப்பு இருக்கிறதே' என்று எதிராளியும் கொஞ்சம் ஓங்கியே குத்துவான். 2013-இல் சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டை அமைப்பு ஆண்கள் முதன்மைப் போட்டிகளிலிருந்து ஹெட்கார்டையே எடுத்துவிட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறுந்தலையோடுதான் மோதினார்கள். அந்த முடிவு சரியா என்ற சர்ச்சை தனி. ஹெட்கார்டு மூளைக்குக் காப்பு என்ற நம்பிக்கை மட்டும் மருத்துவ உலகில் எடுபடவில்லை.

(ஹெட்கார்டு பேச்சு வந்துவிட்டதால் ஒன்று கேட்கிறேன். கிளாஸுக்கு அவனை ஸ்கூட்டியின் பின்னால் உட்கார வைத்துத்தானே கூட்டிப்போவீர்கள்? அவன் தலையில் ஹெல்மெட் இருக்குமா? நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அது சட்டப்படி கட்டாயம். கெட்டியான ஓடுள்ள அந்த ஹெல்மெட் தார் ரோட்டில் மண்டை உடையாமல் காப்பது உண்மை. பெரம்பூர் பாலத்து டிராஃபிக்கை நினைத்தால் எனக்கு எந்தப் பயிற்சிக் கூடமும் பயமாகத் தெரியவில்லை.)

குத்துச்சண்டையில் தலையில் அடிபடுவது விபத்து இல்லை, அதுதான் ஆட்டமே. பல ஆண்டுகள் குத்து வாங்கியவர்களின் நடை தள்ளாடுவதையும் பேச்சு குழறுவதையும் 1928-லேயே ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்தார். 2011-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கனடா சங்கமும் சேர்ந்து, சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை வேண்டாம் என்றே அறிக்கை வெளியிட்டன. சிறுவர்களுக்கு உடம்பை ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்து மெலிது. வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நாக்-அவுட் ஆன ஒரு நாளைவிட, வாரத்தில் நான்கு மாலை 'சும்மா லைட்டா' என்று நடக்கிற ஸ்பாரிங் என்கிற பயிற்சிச் சண்டைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. போட்டி வருஷத்தில் சில நாள். ஸ்பாரிங்குக்குக் கணக்கே இல்லை.

உங்கள் பட்டியலில் உள்ள கலைகளைப் பெயரை வைத்து எடை போட முடியாது. எதற்குப் புள்ளி தருகிறார்கள் என்று பாருங்கள். டேக்வாண்டோவில் முகத்தில் குத்தக் கூடாது என்பது விதி. அதைக் கேட்டதும் பெற்றோருக்கு நிம்மதி. ஆனால் உடம்பில் உதைத்தால் 2 புள்ளி, தலையில் உதைத்தால் 3, சுழன்று உதைத்தால் இன்னும் அதிகம். புள்ளி எங்கே கூடுதலோ பையனின் கால் அங்கேதான் போகும். கியோகுஷின் கராத்தேயிலும் இதே கதை: கையால் முகத்தில் குத்தக் கூடாது, காலால் தலையில் உதைக்கலாம்.

நம் ஊரில் பரவலாக இருக்கிற கராத்தே கொஞ்சம் வேறு. அதிலும் தலைக்கு உதைப்பதற்குத்தான் அதிகப் புள்ளி, ஆனால் தொட்ட மாதிரி நிறுத்த வேண்டும், ஓங்கி இறக்கினால் தண்டனை. டோக்கியோ ஒலிம்பிக்கின் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் இறுதிப் போட்டியில் என்ன நடந்தது? முன்னணியில் இருந்த சவூதி வீரர் தாரிக் ஹமேதியின் உதை தலையில் விழுந்து, ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதே நினைவிழந்தார். ஹமேதியைத் தகுதி நீக்கம் செய்து, ஸ்ட்ரெச்சரில் போனவருக்குத் தங்கம் கொடுத்தார்கள். விதி தலையைக் காக்க நினைக்கிறது என்பதற்கும், விதி இருந்தும் உதை விழும் என்பதற்கும் அந்த ஒரு போட்டியே சாட்சி. கராத்தேயில் சேர்ப்பதானால் கட்டா மட்டும் என்று சேருங்கள். எதிராளி இல்லாமல் தனியாகச் செய்து காட்டும் அந்தப் பிரிவுக்கு அதே ஒலிம்பிக்கில் தனிப் பதக்கமே இருந்தது. அது ஏதோ பொம்மலாட்டம் என்று பையன் முகம் சுளித்தால், நல்ல மாஸ்டர் ஒருவர் செய்து காட்டும்போது முன் வரிசையில் உட்கார வையுங்கள்.

ஜூடோவைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டும். 'குத்து இல்லை, உதை இல்லை, ஆகவே தலைக்குப் பத்திரம்' என்று நினைக்கத் தோன்றும் கலை அது. ஜப்பானில் 1983 தொடங்கிச் சுமார் முப்பது ஆண்டுகளில் பள்ளிக்கூட ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்திருக்கிறார்கள். நகோயா பல்கலைக்கழகத்தின் ரியோ உச்சிதா என்ற ஆய்வாளர் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்துக் கூட்டியபோதுதான் நாடே திடுக்கிட்டது. தலைக்காயத்தால் போனவர்களில் நிறையப் பேர் முதலாண்டு மாணவர்கள், அதாவது விழக் கற்றுக்கொள்ளுமுன் வீசப்பட்டவர்கள். எதிராளியின் காலைப் பின்னாலிருந்து வாரி மல்லாக்கச் சாய்க்கும் 'ஓசோட்டோ-காரி' என்ற பிடி அடிக்கடி பேச்சில் வந்தது. மல்லாக்க விழும்போது பின்மண்டை தரையில் மோதினாலோ, மோதாமலே கழுத்து வெட்டி இழுத்தாலோகூட, மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே ஓடும் சிறு ரத்தக் குழாய்கள் அறுந்து கசியக்கூடும்.

அதற்காக ஜூடோவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கானோ ஜிகோரோ 1882-இல் கோடோகான் பள்ளியைத் தொடங்கிய கலையில், விழுவதே ஒரு பாடம். 'உகெமி' என்பார்கள். ஒருமுறை நான் ஒரு ஜூடோ வகுப்பின் ஓரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, பின்பக்கம் உருண்டு, இரண்டு கையாலும் மேட்டைப் 'பட்' என்று அறைந்தார்கள். மாஸ்டர் நடந்துகொண்டே, "பெல்ட் முடிச்சைப் பாரு! முடிச்சைப் பாரு!" என்று கத்திக்கொண்டிருந்தார். இடுப்பில் உள்ள முடிச்சைப் பார்க்கக் குனிந்தால் நாடி தானாக நெஞ்சில் ஒட்டும், பின்மண்டை தரையைத் தொடாது. கூரையைப் பார்த்த ஒரு பையனை வரிசையிலிருந்து இழுத்துத் தனியாக இருபது தடவை உருள வைத்தார். அன்று ஒருவரையும் யாரும் தூக்கி வீசவில்லை. "எத்தனை நாள் இப்படி?" என்று கேட்டேன். "எத்தனை நாளானாலும்" என்றார். அப்படிப்பட்ட மாஸ்டர் கிடைத்தால் ஜூடோ உங்கள் பையனுக்கு வாழ்நாள் முழுக்க உதவும், பஸ் படிக்கட்டில் வழுக்கினாலும்கூட. ஜப்பானைவிட அதிகம் பேர் பதிவு செய்து ஜூடோ பயிலும் பிரான்ஸில், காசு வாங்கிக் கற்பிக்க அரசு அங்கீகரித்த சான்றிதழ் வேண்டும். நம் ஊரில் கறுப்பு பெல்ட் வாங்கிய மறுவாரமே போர்டு மாட்டிவிடலாம்.

அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கிலும் பள்ளிக்கூட மொட்டை மாடியிலும் நடக்கிற வகுப்புகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிமென்ட் தரைமேல் ஜிக்சா மாதிரி கோத்த ரப்பர் மேட். பிள்ளைகள் நாலு தடவை இழுத்து விளையாடினால் இரண்டு துண்டுக்கு நடுவே சிமென்ட் எட்டிப் பார்க்கும். குத்து, கட்டா பழக அது போதும். ஒருவரை ஒருவர் தூக்கிப் போட, அந்த மேட் விரிப்புக்குச் சமானம். ஜூடோ மேட் நாலு சென்டிமீட்டர் அளவுக்குத் தடிமனாக, நெருக்கமாகப் பதித்திருக்கும். கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், மாஸ்டர் கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

பிரேசிலிய ஜியு-ஜிட்சு இப்போது சென்னையில் அங்கங்கே வந்துவிட்டது. தரையில் உருண்டு பிடித்து மடக்குவது. அடிதடி இல்லை, தூக்கி அறைவது விதிப்படி குற்றம், சிறுவர்களுக்குப் பல பிடிகள் தடை. முட்டி போட்ட நிலையிலிருந்து தொடங்கச் சொன்னால் தலை விழும் உயரமே குறைந்துவிடுகிறது. பதிலுக்கு முழங்கை, முழங்கால், விரல் சுளுக்கும், படர்தாமரையும் வரும். மோதல் இல்லாமல் மனசு ஆறாத பையனுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மல்யுத்தம் இதற்கு அண்ணன், ஆனால் காலைப் பிடிக்கப் பாயும்போது தலையும் முட்டியும் மோதும். கபடியும் அப்படித்தான். ஏழு பேர் சங்கிலி போட்டு ஒருவனை அமுக்கும்போது யார் முட்டி யார் மண்டையில் என்று சொல்ல முடியாது. இந்த வருஷம் வேண்டாம்.

சிலம்பம் என்றதும், 'கம்பு தலையில் பட்டால்?' என்று பயப்படுவீர்கள். நியாயம்தான். ஆனால் சிலம்பத்தில் முதல் சில மாதம் கம்பே துணை, எதிராளி கிடையாது. காலடி வரிசை, பிறகு ஒற்றைக் கம்பு வீச்சு, பிறகு இரட்டைக் கம்பு. அவன் வாங்கப்போகிற அடி பெரும்பாலும் அவன் கம்பாலேயே, கணுக்காலிலும் முழங்கையிலும். போட்டிகளிலும் தனித்து வீசிக் காட்டும் பிரிவு உண்டு. கம்பால் எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைதான் நாம் தவிர்க்க வேண்டியது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்ததிலிருந்து 'மெடல் வருமா?' என்று கேட்கிற பெற்றோரும் ஆசானைத் தேடி வருகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறு: ஒரு கம்பு, கொஞ்சம் மண் தரை, ஃபீஸும் குறைவு. பக்கத்துப் பையனின் கம்பு எட்டாத தூரத்தில் நிற்க வைக்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாள்வீச்சையும் யோசியுங்கள். ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி, உங்களைப் போலவே வடசென்னைக்காரர். அவர் ஆடும் சேபர் பிரிவில் தலையும் இலக்கு. ஃபாயில் பிரிவில் உடற்பகுதி மட்டும்தான். கம்பி வலை முகமூடியும் உண்டு. எதிராளி உண்டு, வேகம் உண்டு, 'சண்டை போட்டேன்' என்று வகுப்பில் பீற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ஃபாயில் என்று கேட்டுச் சேருங்கள். உபகரணச் செலவுதான் கையைக் கடிக்கும்.

நீச்சல், டேபிள் டென்னிஸ், ஓட்டம் எல்லாம் தலைக்குப் பத்திரம் என்று உங்களுக்கே தெரியும். தாய்ச்சியை உங்கள் மாமனாருக்குச் சொல்லுங்கள், வயதானவர்கள் தடுமாறி விழுவதை அது குறைக்கிறது. செஸ்ஸில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் குத்தணும் என்று துடிக்கிற பையனை 64 கட்டத்துக்குள் உட்கார வைத்தால், அவன் தெருவில் ஹெல்மெட் இல்லாத கிரிக்கெட்டுக்குத்தான் போவான். முதல் அடி அங்கேதான் விழுந்தது என்பதை உங்கள் வீட்டுக்காரருக்கு நினைவுபடுத்துங்கள்.

எங்கே சேர்த்தாலும், முதல் நாளே மாஸ்டரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. "தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "உடனே உட்கார வைப்போம், அன்றைக்கு அவனுக்கு கிளாஸ் முடிந்தது, உங்களைக் கூப்பிடுவோம்" என்றால் சேருங்கள். "தண்ணி தெளிச்சா சரியாயிடும், பசங்கன்னா அடிபடத்தான் செய்யும்" என்றால் கட்டின ஃபீஸ் போனாலும் பரவாயில்லை, கூட்டிக்கொண்டு வாருங்கள். என்னிடம் வந்த ஒரு சிறுவன், காலையில் உதை வாங்கி, சாயங்காலம் அதே மேட்டில் திரும்ப நிற்க வைக்கப்பட்டவன். அவன் பழையபடி பள்ளிக்கூடம் போக இரண்டு மாதம் ஆயிற்று.

என் தீர்ப்பு கேட்டால்: வாரம் மூன்று நாள் சிலம்பம், ஒரு வருஷம் தொடுமுறை இல்லாமல். மோதல் வேண்டும் என்று அடம் பிடித்தால் ஜியு-ஜிட்சு, முட்டி போட்டு. இரண்டுக்கும் உங்கள் டாக்டர் சரி சொன்ன பிறகு.

பாக்ஸிங்கும் கொடுக்கலாம், ஸ்பாரிங் இல்லாமல். ஸ்கிப்பிங், ஷேடோ, பேக், கையில் மாட்டிப் பிடிக்கிற பேட். உடம்புக்கு அதைவிட நல்ல பயிற்சி குறைவு, அடி வாங்குவது தோல் பை மட்டும். பயிற்சிக் கூடத்தில் மற்ற பையன்கள் ரிங்கில் ஏறும்போது இவனும் ஏறத் துடிப்பான், ஆகவே வீட்டிலேயே தொடங்குங்கள். பேட் பிடிக்க உங்கள் தம்பி இருக்கிறாரே! ஒன்று மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேட் பிடிக்கிற பழைய பாக்ஸர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: பையன் கையை இறக்கினால், பாடம் புகட்ட, பேடாலேயே தலையில் ஒரு தட்டு தட்டுவார்கள். அதுவும் வேண்டாம். கையை இறக்கினால் பத்து தண்டால் எடுக்கச் சொல்லட்டும்.